பேல் மருதை மெத்தை ஏறிய கதை

திருச்சி பெரிய கடைவீதியில் பேல் சுமந்தவன் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது விளங்காது. ரயில்வே குட்ஷெட்டில் கைவண்டியில் ஏற்றி, வெயிலில் தள்ளி வந்து, வண்டி நுழையாத சந்துமுனையில் இரும்புப் பட்டை போட்ட துணிப் பேலை முதுகில் வாங்கிக் கிடங்கில் இறக்க வேண்டும். இறக்கும்போது சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் அவன் சுமைக்காரன் இல்லை, சாமானைப் போட்டு உடைக்கிறவன். சத்தமில்லாமல் இறக்குவதில் கடைவீதிக்கே முதல் ஆள் மருதை. எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன குறைந்துவிட்டது? படித்தவன் முதுகில் அந்தப் பேலை வைத்திருந்தால் பேலும் போயிருக்கும், ஆளும் போயிருப்பான்.

அந்த மருதைக்கு ஐம்பத்தேழாம் வருஷம் ஆடியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்தார்கள், பத்துப் போட்டார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தான். இனி பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டியவன். வீட்டில் மனைவி சந்திரம்மாளும் பிள்ளைகளும். முதுகைத் தவிர அவனிடம் வேறு சொத்துக் கிடையாது.

ஜவுளிக்கடை முதலாளி அப்துல் மாலிக் ராவுத்தர் இரக்கம் உள்ளவர்தான். ஆனால் இரக்கத்தையும் முழம் போட்டு அளந்தே கிழிப்பார். மருதையைக் கல்லாவுக்கு அருகே கூப்பிட்டார்.

"உன்னை வெளியே அனுப்ப எனக்கு மனசு வரலை மருதை. சேலைக் கட்டுல உக்காரு. அமிர்தராஜ் சொல்லித் தருவான். தீபாவளி வரைக்கும் பாக்குறேன். வியாபாரம் வந்துச்சுன்னா இரு. வரலைன்னா நீயே சொல்லிக்கிட்டுப் போயிடு. நான் சொல்ற மாதிரி வச்சுக்காதே."

அந்தக் காலத்து ஜவுளிக்கடையில் மேசை நாற்காலி எல்லாம் கிடையாது. சேலைக்கு ஒரு கட்டு, வேட்டிக்கு ஒரு கட்டு என்று பிரித்து, நீளத்துக்கு மெத்தை போட்டு, மேலே வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். விற்கிறவன் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலையை விரித்துக் காட்டுவான். கிடங்கு ஆள் மெத்தை ஏறுவதென்றால் பியூன் கலெக்டர் ஆகிற மாதிரி.

ஆனால் சொல்லித் தரப் போகிற அமிர்தராஜோ மருதையின் மூத்த மகனைவிட நாலைந்து வயதுதான் பெரியவன். பாலக்கரைக்காரன், மாதா கோயிலில் பாடுகிற குரல். தாயார் ரோசம்மாளுக்கு ஒரே பிள்ளை. அவன் சேலையை ஒரு உதறு உதறினால் முந்தானை, வாங்க வந்த பெண்ணின் முழங்கால் அருகே சரியாகப் போய் விழும். வாய் மட்டும் கொஞ்சம் துடுக்கு.

"வாங்க மருதண்ணே! இத்தனை நாளா துணியை முதுகுல வச்சிருந்தீங்க, இனி மடியில வைக்கணும், அவ்ளோதான். மெதுவா உக்காருங்க, மெத்தை அமுங்கிடப் போகுது."

பக்கத்துக் கட்டுக்காரர்கள் சிரித்தார்கள். மருதைக்குக் காது சிவந்தது. அப்போதே முடிவு செய்துகொண்டான், இந்தப் பொடியனிடம் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று.

அமிர்தராஜ் கஞ்சன் இல்லை. தொழிலை மறைத்து வைக்கிற புத்தி அவனுக்கு இல்லை. நல்ல சேலையை முதலில் காட்டாதீர்கள், மூன்றாவதாகக் காட்டுங்கள் என்பான். வாங்க வந்தவள் சேலையை விரலால் ஒருமுறை நிரடினால் பார்க்கிறாள், மறுபடி நிரடினால் வாங்கிவிட்டாள், அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்பான். எல்லாவற்றுக்கும் மருதையிடம் ஒரே பதில்: "தெரியும் தம்பி."

அந்த வார்த்தை அண்டாவுக்கு மூடி போட்ட மாதிரி. உள்ளே எத்தனை ஊற்றினாலும் வெளியேதான் வழியும்.

"எல்லாம் தெரியும்னா நான் எதுக்குண்ணே தொண்டைத் தண்ணி வத்தக் கத்தணும்?" என்றான் அமிர்தராஜ் ஒருநாள். "ஞாயித்துக்கிழமை பாடறதுக்காவது மிச்சம் வச்சுக்கறேன்."

வீட்டில் சந்திரம்மாள் சாடை மாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "வேலை தெரிஞ்சவன் சின்னவனா இருந்தா என்ன? கேட்டுக்கிட்டா வாயா தேஞ்சிடும்?"

"என் மவன் வயசு அவனுக்கு. அவன் சொல்லி நான் மண்டையை ஆட்டணுமா? கடைக்கு எத்தனை வருசமா பேல் எறக்கறேன், எனக்குத் தெரியாத துணியா?"

துணி தெரியும்தான். துணி வாங்க வருகிறவர்களைத்தான் தெரியாது. அவர்கள் வரும்போது அவன் எப்போதும் பின்பக்கம் படியிறங்கிப் போகிற கிடங்கில் இருந்தவன்.

புரட்டாசி பிறந்தது. தீபாவளி நெருங்க நெருங்க மருதை முதலாளி வைத்த கெடுவுக்கு நாளை எண்ணத் தொடங்கினான். அன்று மதியம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அமிர்தராஜ் சாப்பாட்டுத் தூக்கோடு எழுந்தவன் ஏதோ நினைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. பொம்பளை யாரும் இல்லாம ஆம்பளைங்க மட்டும் சேலைக்கு வந்தாங்கன்னா..."

"தெரியும் தம்பி. எங்க வீட்டுக்கே நாந்தான் எடுத்துட்டுப் போறேன்."

"அது வேறண்ணே. நின்னுக்கிட்டே..."

"தெரியும்ப்பா. நீ போய்ச் சாப்பிடு. சோறு ஆறுது."

அமிர்தராஜ் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து, முதலாளி மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். அமிர்தராஜ் சாப்பிடப் போயிருந்தான். இரண்டு பேர் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் திருவெள்ளறைப் பெரிய பண்ணை மதுரைவீரன். பின்னால் வயதான சித்தப்பா. அந்த வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக இந்தக் கடையில்தான் துணி. அவர்கள் எடுத்தால் திருவெள்ளறையைச் சுற்றியுள்ள ஊரே இங்கே எடுக்கும். இதெல்லாம் மருதைக்கும் தெரியும். இவர்களிடம் வியாபாரம் செய்து காட்டினால் முதலாளி வாயை அடைத்துவிடலாம் என்று மனசு துள்ளியது.

இருவரும் உட்காரவில்லை. காலில் செருப்பு இல்லை.

"அரக்குல ஒரு சேலை குடுங்க," என்றார் மதுரைவீரன். "தங்கச்சிக்கு."

மருதை மூன்று சேலைகளை விரித்தான். அவர் முதல் சேலையைத் தாண்டிப் பார்க்கவில்லை.

"இது போதும்."

"விலை கேக்காம எடுக்கறீங்களே! தங்கச்சின்னா இப்படித்தான் இருக்கணும்," என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி மருதை குரலை உயர்த்தினான். "என்னங்க விசேசம், வளைகாப்பா? தங்கச்சி நல்ல நெறமா? கட்டிப் பாக்கச் சொல்லுங்க. புடிக்கலைன்னா அவங்களையே கூட்டிட்டு வாங்க, மாத்தித் தர்றேன்."

சித்தப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். மருதை அதையும் சிரிப்பு என்று நினைத்தான். கல்யாணச் சீருக்குச் செய்கிற மாதிரி சேலை ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துப் பொட்டலம் கட்டி இரண்டு கையாலும் நீட்டினான்.

"போயிட்டு வாங்க. இதே மாதிரி அடிக்கடி வரணும் நீங்க!"

சித்தப்பா அப்படியே படியில் உட்கார்ந்து குலுங்கினார். மதுரைவீரன் பொட்டலத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா சொன்னே? எந்தங்கச்சி கூடத்துல கெடக்கா. பொறந்த வீட்டுக் கோடி எடுத்துட்டுப் போறேன். அடிக்கடி வரணுமா நாங்க?"

அடித்திருந்தால்கூட மருதைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. சித்தப்பாவைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது என்பது தெருவில் விளையாடுகிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சாவு வீடு கடைக்கு வரும்போது ஒப்பாரி வைத்துக்கொண்டு வராது. சுமங்கலியாய்ப் போனவளுக்கு அண்ணன் எடுக்கிற கோடி, கல்யாணச் சேலை மாதிரியே அரக்காகத்தான் இருக்கும். உட்கார மாட்டார்கள், பேரம் பேச மாட்டார்கள், பொம்பளை உடன் வராது. விற்கிறவன் வாய் திறக்காமல் எடுத்துக் கொடுத்து எழுந்து நிற்க வேண்டும். இதைத்தான் அமிர்தராஜ் சொல்ல வந்தான்.

அவன் திரும்பி வந்தபோது மெத்தையில் அரக்குச் சேலைகள் விரித்தபடி கிடந்தன. மஞ்சள் கிண்ணம் திறந்திருந்தது. பக்கத்துக் கட்டுக்காரர்கள் தலைகுனிந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்து சேலைகளை ஒவ்வொன்றாக மடித்தான்.

அதோடு போயிருந்தால் காலம் ஆற்றியிருக்கும். கருமாதி முடிவதற்குள் மதுரைவீரனின் தாயாரும் மகள் துக்கத்திலேயே கண்ணை மூடினாள். அவளுக்கான கோடியை எதிர்க்கடையில் எடுத்தார்கள். "அந்தக் கடைக்காரன் அடிக்கடி வாங்கன்னான், வரவச்சிட்டான்" என்று பேச்சு கிளம்பியது. பேச்சுக்குக் கால் எதற்கு? தீபாவளி நெரிசலில் முதலாளி மருதைக்கு வைத்த கெடுவையே மறந்திருந்தார். தை மாதம் கல்யாண ஜவுளிக்கு வந்த திருவெள்ளறைக்காரர்கள் ராவுத்தர் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே நடந்து போனார்கள்.

அதற்குப் பிறகுதான் ராவுத்தர் காதுக்கு விஷயம் எட்டியது; துக்கம் கேட்க நேரிலேயே போனார். அங்கே சித்தப்பா ஒரே வார்த்தைதான் கேட்டாராம்: "அப்படிச் சொன்ன வாயை அங்கேயே உக்கார வச்சுக்கிட்டு இங்க வந்து எப்படிங்க உக்கார்றீங்க?"

மறுநாள் காலை, கடை திறந்து சாம்பிராணி காட்டியதும் இருவரையும் கூப்பிட்டார்.

"மவுத்தான வீட்டு ஆளை அடிக்கடி வான்னு சொல்லியிருக்கு என் கடை," என்றார். குரல் உயரவில்லை. "அமிர்தராஜ், இவனுக்குச் சொல்லிக் குடுக்க உன்னைத்தானே விட்டேன். இதைச் சொல்லிக் குடுத்தியா இல்லையா?"

அமிர்தராஜ் மருதையைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். அவன் சொல்ல வந்தான், நான்தான் கேட்கவில்லை என்று மருதையின் நாக்கு நுனி வரை வந்தது. கூடவே சந்திரம்மாள் முகம் வந்தது, படுக்கை வந்தது, பாரம் தூக்க முடியாத முதுகு வந்தது. அவன் வெள்ளை விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தான்.

"சொல்லலைங்க முதலாளி," என்றான் அமிர்தராஜ். "மறந்துட்டேன்."

"அப்ப தப்பு உன்னுது. நீ கிடங்குக்கு இறங்கு. சொல்லிக் குடுக்க வேண்டியவனையே இறக்கிட்டேன்னு நாளைக்குத் திருவெள்ளறையில நான் சொல்லிக்கலாம். மருதை இருக்கட்டும். முதுகு போனவனைத் தெருவுல விட்டான்னு அது ஒரு பேச்சு வேண்டாம்."

இப்படியாக, பேல் சுமந்தவன் மெத்தையிலும், மெத்தையில் இருந்தவன் பேலுக்குக் கீழும் ஆனார்கள். பாலக்கரையில் அமலராணி என்ற பெண்ணை அமிர்தராஜுக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஈஸ்டர் முடிந்து மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பதாக இருந்தது. கடையில் சேலை விற்கிற மாப்பிள்ளைக்குத்தான் பெண் கொடுக்கிறோம், மூட்டை தூக்குகிறவனுக்கு இல்லை என்று பெண்ணின் தகப்பனார் ஒதுங்கிக்கொண்டார்.

மருதை பல நாள் கிடங்குப் பக்கமே போகவில்லை. ஆனால் மேலே தனியாக உட்கார்ந்தபோதுதான் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. வந்தவர்கள் பார்த்தார்கள், எழுந்தார்கள், போனார்கள். ஏன் போகிறார்கள் என்று விளங்கவில்லை. ஒருநாள் மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு படியிறங்கினான். அமிர்தராஜ் ஒரு பேல் மேல் உட்கார்ந்து கழுத்துப் பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றான் மருதை. தம்பி என்கிற வார்த்தை அவன் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டிருந்தது.

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்லலை. யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?"

மருதை தூக்கைத் தரையில் வைத்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க," என்றான்.

அமிர்தராஜ் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "அதை மெத்தையில உக்காந்த அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மேலயே இருந்திருப்பேன். சரி, விடுங்க. வித்த கதையை என்கிட்ட சொல்ல வேண்டாம். வாங்காம எந்திரிச்சுப் போனாங்க பாருங்க, அவங்க கதையைக் கொண்டாங்க."

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு கிடங்கில்தான். தொழில் பழகுகிறவர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தைத்தான் ஆசானிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். மருதை தன் அசட்டுத்தனத்தைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோனான். காலேஜ் வைத்துச் சொல்லிக் கொடுத்தாலும் அந்தப் படிப்பு வராது.

"ஸ்ரீரங்கத்து அம்மா ஒருத்தங்க ஒம்பது கஜம் கேட்டாங்க. வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாளைச் சேவிக்கக் கட்டிக்கணும்னாங்க. எடுத்துப் போட்டேன். பாத்துட்டுப் போயிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா ஒழைக்கும், கட்டிக்கிட்டு நாத்துகூட நடலாம்னேன்."

அமிர்தராஜுக்குப் புரையேறியது. "பரமபத வாசல்ல நாத்து நடவா போறாங்க? அண்ணே, ஒழைக்கும்கறதை வயக்காட்டு வேலை பாக்குற துவரங்குறிச்சிக்காரங்ககிட்ட சொல்லுங்க. ஸ்ரீரங்கத்து அம்மாங்ககிட்ட மடி ஆசாரத்துக்கு ஏத்ததுன்னு மட்டும் சொல்லிட்டுச் சும்மா இருங்க."

சிரித்தபிறகு இருமினான். பேல் பஞ்சு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலில் பாடுவதையும் அந்த வருஷமே நிறுத்திவிட்டான்.

இப்படி நான்கைந்து வருஷம். மருதை கற்றான், கற்றான் என்றால் சாதாரணமாக இல்லை. படியேறும் காலடியைக் கேட்டே எந்த ஊர், என்ன காரியம் என்று சொல்கிற அளவுக்கு வந்தான். திருச்சி ஜில்லாவில் அவனைப்போல் சேலை விற்றவன் இல்லை என்று கடைவீதி சத்தியம் செய்யும். அவன் பெயரைக் கேட்டு மெத்தை தேடி வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு நல்ல வியாபாரத்துக்கும் பிறகு கீழே இருமல் சத்தம் கேட்கும். முதலாளியிடம் பேசிவிட வேண்டும் என்று பொங்கலுக்குப் பொங்கல் நினைப்பான். சந்திரம்மாள் கையைப் பிடித்துக்கொள்வாள். "வாயைத் தொறந்தா சோறு போயிடும்ங்க. புள்ளைங்களைப் பாருங்க."

அறுபத்திரண்டில் மதுரைவீரன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டுப் பெண்கள் பழைய கடைக்கே போகலாம் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகச் செய்தி வந்தது. மருதை பதறிக்கொண்டு கிடங்குக்கு ஓடினான்.

"அந்த மனுசன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அமிர்தராஜ் முதுகில் இருந்த பேலை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க நின்று யோசித்தான். "மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டா அந்த நாளை எடுத்து மறுபடி அவர் முன்னாடி வைக்கற மாதிரி. எந்திரிச்சு நில்லுங்க. அவர் உக்கார்ற வரைக்கும் நீங்க உக்காராதீங்க. அவரா ஒரு வார்த்தை பேசற வரைக்கும் பேசாதீங்க. பொண்ணு கையில முதல் சேலையைக் குடுங்க, அவர் கையில குடுக்காதீங்க."

அப்படியே செய்தான். மதுரைவீரன் வந்தார், நின்றார், அவனைப் பார்த்தார். மருதை நின்றபடியே இருந்தான். கடைசியில் அவர் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, "மவளுக்குப் புடிச்சதா எடுத்துப் போடுங்க," என்றார். சாயங்காலம் வரை எடுத்தார்கள். அந்தத் தையில் திருவெள்ளறை முழுக்கத் திரும்பி வந்தது.

ராவுத்தர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை யாரும் பார்த்ததில்லை. இதுதான் நேரம் என்று மருதை கல்லாவுக்கு முன்னால் போய் நின்றான்.

"முதலாளி, அமிர்தராஜை மேல ஏத்துங்க. அவர் சொன்னதைத்தான் நான் செஞ்சேன். நான் கிடங்குக்குப் போயிடறேன்."

"உன் முதுகுக்குக் கிடங்கா?"

"செத்தாலும் பரவாயில்லைங்க. அன்னைக்கு அவர் சொல்ல வந்தாரு. நாந்தான்..."

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் ராவுத்தர். "அவன் மறக்கற ஆளா? ரெண்டு பேர் முகத்தையும் பாத்துக்கிட்டுத்தானே கேட்டேன். ஒருத்தன் இறங்கணும், இறங்கறவன் இறங்கிட்டான். இப்ப திருவெள்ளறைக்காரங்க உன்கிட்டதான் வாங்கறாங்க. அந்தக் கோளாறுக்கு இறங்கினவன்னு ஊருக்கெல்லாம் அவனைச் சொல்லி வச்சிருக்கேன். அவனை மறுபடி மேல உக்கார வச்சா என் பேச்சு என்ன ஆகும்? நீ இவ்வளவு நல்லாக் கத்துக்காம இருந்திருந்தா, ஒருவேளை அவனைக் கூப்பிட்டிருப்பேன். போ, ஆள் காத்துக்கிட்டிருக்கு."

மருதை கிடங்கில் இறங்கி, கேட்டதையும் கிடைத்த பதிலையும் ஒன்று விடாமல் சொன்னான். அமிர்தராஜ் பேல் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டான்.

"எனக்காகக் கேட்டீங்களா?"

"கேட்டேங்க."

"சரி," என்றான். அந்த மதியம் அவன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போய் உட்கார்ந்தான். மருதை கொண்டு வந்த கதையை அவன் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவசுகாலம் முடிவதற்குள் யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

ஈஸ்டர் கழிந்த ஒரு சாயங்காலம், மருதை ஒரு சீப்பு ரஸ்தாளிப் பழம் வாங்கிக்கொண்டு பாலக்கரைக்குப் போனான். பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ரோசம்மாள் நின்றாள். பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"அமிர்தராஜ் இருக்காருங்களா?"

"இல்லப்பா. வெளியூர் போயிருக்கான்."

உள்ளே யாரோ இருமினார்கள். இருமலை அடக்குகிற இருமல். ரோசம்மாள் கதவை விட்டு நகரவில்லை. மருதை பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, வந்த வழியே நடந்தான்.